எல்லாவற்றுக்கும் ஆம்

அந்தச் சின்ன விளக்கு மினுங்கியிருக்கக் கூடாது. கணினியில் டிஸ்க்கைப் படிக்கும்போதோ அதில் எழுதும்போதோ மட்டும் எரிகிற விளக்கு அது. இப்போது அந்த டிஸ்க்கை யாரும் தொடவில்லை. அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்தான். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது, மேசைக்கடியில் மின்விசிறி முனகியது, விளக்கு மட்டும் தன்பாட்டுக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

அதை ஆராய அவனுக்கு நேரமில்லை. மனைவி வேலை முடிந்து வருவதற்குள் சிட்டுவின் குரலைத் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும்.

சிட்டு அவர்களுடைய ஒரே மகள். போன வருஷம் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் பேசியது, பாடியது, எடுத்த படங்கள் எல்லாம் இந்தக் கணினியில் இருந்தன. ஒரு நகல் பென் டிரைவில். மனைவி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே இங்கே வந்து உட்காருவாள். கீழுதட்டோரம் இருக்கும் மச்சத்தை விரலால் தடவிக்கொண்டே மகள் பேசுவதைக் கேட்பாள். கேட்ட பிறகுதான் ஏதாவது சாப்பிடுவாள். இந்த ஒன்றும் இல்லாவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று யோசிக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அவன் செய்த காரியம் அப்படி. புதிதாகக் கிடைத்த புரோகிராமர் வேலைக்கு லினக்ஸ் இயங்குதளம் வேண்டும் என்றார்கள். அதை நிறுவ ஒரு பென் டிரைவ் தேவைப்பட்டது. இழுப்பறையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து, உள்ளே இருப்பதைப் பார்க்காமலே துடைத்து, லினக்ஸை அதில் ஏற்றினான். பிறகு, நகல்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில், 'டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?' என்ற கேள்விக்கு ஆம் என்றான். துடைத்ததுதான் நகல் என்பது எல்லாம் முடிந்த பிறகு உறைத்தது. ஊரெல்லாம் பேக்கப் எடுக்கச் சொல்லிப் பிரசங்கம் செய்கிற ஆள், ஒரே காலையில் இரண்டையும் ஒழித்துக்கட்டியிருந்தான்.

கூட வேலை பார்த்த மீசைக்குப் போன் செய்தான். மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள்.

"அழாதடா, முதல்ல நான் சொல்றதக் கேளு," என்றான் மீசை. "அழிச்சா போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. பேரைத்தான் எடுப்பாங்க. பொருள் அங்கயேதான் கிடக்கும், அது மேல வேற எதையாவது எழுதற வரைக்கும்."

"பாதி எழுதிட்டேனேடா."

"மீதியாவது தேறும்ல. புது பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு, அதுல இருந்து மெஷினை ஓட்டு. ஒரு புரோகிராம் அனுப்பறேன், மூல நிரலாத்தான் இருக்கும், நீயே கம்பைல் பண்ணி ஓடற மாதிரி ஆக்கிக்கோ. தேடி எடுத்துக் குடுக்கும். மீட்டத வைக்க நிறைய இடம் இருக்கான்னு பாத்துக்கோ. இருக்கறது மேல எழுதிட்டா அதுவும் போயிடும்."

கடைக்கு ஓடிப் புது பென் டிரைவ் வாங்கி வந்து உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவில்லை. கம்பைலரைப் போட்டான். அது லைப்ரரி எனும் துணை நிரல்தொகுப்பு ஒன்றைக் கேட்டது. அந்த லைப்ரரி இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்றின் புதிய பதிப்பு ஒத்துவரவில்லை, பழையது கிடைக்கவில்லை, கிடைத்தபோது இணையம் பாதியில் நின்றது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு படியிலும் கணினி நின்று 'தொடரவா?' என்று கேட்டுக்கொண்டிருந்ததில் அவனுக்கு எரிச்சல் மண்டியது. எப்போதும் செய்வதைச் செய்தான். எந்தக் கேள்வி வந்தாலும் ஆம் என்று பதில் போகும்படி கட்டளையிலேயே சேர்த்துவிட்டு, ஒருவழியாகத் தயாரான மீட்கும் புரோகிராமை ஓட விட்டான்.

கேள்விகள் வேகமாக மேலே ஓடின. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. 'இந்த டிஸ்க்கில் அழிந்தவை மட்டும் போதாதா, அழிந்த எல்லாம் வேண்டுமா?' அதன் பக்கத்தில், ஆம். என்ன கேள்வி இது என்று நினைப்பதற்குள் அது மறைந்துவிட்டது.

முதல் படம் வந்தது. பெயரில்லாமல் ஓர் எண் மட்டும். திறந்தான். சிட்டுவின் நெற்றி, கண்கள், மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அடுத்த படமும் அப்படியே. எல்லாப் படங்களும் மூக்கோடு நின்றன. அவள் சிரிப்பை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தான், வரவில்லை. இந்த அறை அவளுடையது. கட்டில் கிடந்த இடத்தில் போன மாதம்தான் அவன் தன் மேசையைப் போட்டிருந்தான்.

பிறகு ஒரு குரல். "அப்பா, பல்லு தேச்சிட்டேன். மோந்து பாருங்க."

அவன் வாய்விட்டு அழுதான். கிடைத்துவிட்டது, பிழைத்துவிட்டோம் என்று அழுதான். அழுகை ஓய்ந்தபோது அறையில் ஸ்ட்ராபெரி பற்பசையின் வாசனை அடித்தது. அந்தப் பற்பசையை அவர்கள் வாங்குவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது.

அடுத்த படத்தில் இந்த அறை இருந்தது. அவன் மேசை இருந்தது. மேசையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவனின் முதுகு. கதவருகே, இடுப்புயரத்திலிருந்து எடுத்த படம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஒலியைத் திறந்தான். விசைகள் தட்டும் சத்தம். மழை. ஓர் ஆண் வாய்விட்டு அழுகிற சத்தம்.

புரோகிராமை நிறுத்தும் விசைகளை அழுத்தினான். நிற்கவில்லை. மறுபடியும். நிற்கவில்லை. மேசைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடித்தான். பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும். மீதிக் குரலும் போய்விடும். மனைவி வந்து கேட்பாள். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

வாசல் கதவு திறந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி, நடையிலிருந்து. "கூடத்துல எதுக்கு அவ குரலைப் போட்டு வச்சிருக்கீங்க?"

ஸ்பீக்கர் மேசைமேல் இருந்தது. அதில் சத்தமில்லை.

"உள்ள வராத," என்றான். "நீ வெளிய போ. சொல்றதக் கேளு, போ."

அவள் பை கீழே விழுந்தது. பிறகு அவள் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது.

அவன் பிளக்கை விட்டுவிட்டுக் கதவு வரை வந்தான். கூடத்தில் மனைவி முட்டி போட்டிருந்தாள். அவள் கைகளுக்குள் சிட்டு. அதே கண்கள். அதே மூக்கு. அதற்குக் கீழே சாம்பல். தட்டையாக. மனைவி அதைத் தன் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதி இன்னும் வரலையாங்க?" என்றாள் அவள், திரும்பாமல். "நிறுத்திடாதீங்க. இன்னும் கொஞ்சம் தேடுங்க."

அவன் திரையைப் பார்த்தான்.

'மீதிக்கு இடமில்லை. இருப்பதன் மேல் எழுதவா?'

பக்கத்திலேயே, ஆம்.

பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. மின்விசிறி நின்றது. அந்தச் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. விடாமல்.

"அப்பா," என்றது கூடத்திலிருந்து.

கூடத்துக்கு ஓடினான். சிட்டுவுக்கு வாய் வந்திருந்தது. பெரியவர்களின் வாய். கீழுதட்டோரம் ஒரு மச்சம்.

அவன் மனைவியின் தோளைத் தொட்டான். அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் இருந்தன. மூக்கு இருந்தது. மச்சத்தைத் தடவத் தூக்கிய விரல், சாம்பல் நிறத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தது.