ஒரு வெடியை முழுங்கிய துப்பாக்கி

"என் மாமனார் வீட்டுத் துப்பாக்கி சத்தத்தையே முழுங்கும் மேஜர்! ஒரு முழு வெடியை முழுங்கிட்டு, ஏப்பம்கூட விடாம சுவத்துல தொங்குது!"

குட்டப்பா இப்படிச் சொன்னதும் மேஜர் பெம்மையாவின் நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்ற குட்டப்பாவின் புளுகு, குடகு மலையைத் தாண்டி மைசூர் வரை பிரசித்தம். ஒரே குண்டில் இரண்டு காட்டுப்பன்றியையும், பின்னால் நின்ற மரத்திலிருந்து ஒரு பலாப்பழத்தையும் சாய்த்தவர் அவர். வருடங்கள் போகப் போகப் பன்றிகள் அதே எடையில்தான் இருந்தன. பலாப்பழம்தான் பெருத்துக்கொண்டே வந்தது.

"பழம் இப்ப யானை சைஸ் ஆயிருக்குமே பாவா?" என்று அத்தான் முறை வைத்துக் கேட்டாள் போஜம்மா. பெம்மையாவின் சித்தப்பா மகள். மேஜர் எங்கே பழைய துப்பாக்கிக்கு விலை மதிக்கப் போனாலும் ஜீப் ஓட்டுபவள் அவள்தான். அவர் ஒரு தடயத்தைப் பார்ப்பதற்குள் இவள் மூன்று குற்றவாளிகளைப் பிடித்துவிடுவாள். மூன்று பேரும் நிரபராதிகளாக இருப்பார்கள்.

குட்டப்பாவின் மனைவி தேச்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"அண்ணன் துப்பாக்கிய விக்கறான், பெம்மண்ணா. பெங்களூர்ல ஏதோ ஓட்டல் சுவத்துல மாட்டப் போறாங்களாம். எங்க அப்பா தோள்ல கிடந்தது அது. நானே வாங்கிக்கிறேன்னு சொல்லி அனுப்பினேன். 'மேஜர் மதிக்கிற விலைக்கு ஒரு ரூபா குறைஞ்சாலும் கிடையாது'ன்னு பதில் வந்துச்சு. பதினெட்டு வருஷத்துல அவன் எனக்குச் சொல்லி அனுப்பின முதல் வார்த்தை இதுதான்."

"எல்லாம் அந்த வெடியால வந்த வினை," என்றார் குட்டப்பா.

குடகு வீடுகளில் ஆண் குழந்தை பிறந்தால் வாசலில் ஒரு வெடி. சாவு என்றால் இரண்டு. தேச்சம்மாவின் அப்பா திடீரென்று சரிந்து உயிரை விட்டது கொட்டும் ஆடி மழையில். டெலிபோன் கம்பிகள் அறுந்து கிடந்தன. பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் தனியாக இருந்த தேச்சம்மாவின் வீட்டுக்குக் கேட்டது ஒரே வெடி. அண்ணன் மந்தண்ணாவின் மனைவியோ அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

"மருமகன் பிறந்துட்டான்னு ஓடினேன்," என்றாள் தேச்சம்மா. "சிவப்புப் பட்டு, தலை நிறையப் பூ, தூக்கு நிறையப் பாயசம். போனா, வாசல்ல அப்பாவ வெள்ளைத் துணியில கிடத்தியிருக்காங்க. நான் பாயசத்தோட நிக்கறேன். அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். 'ரெண்டு வெடி சுட்டேன். சொத்துல உனக்குப் பங்கு குறைச்சுட்டார்ங்கற கோபத்துல அப்பா சாவைக் கொண்டாட வந்தியா'ன்னு."

பெம்மையா ஒரு தோல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போஜம்மா அதற்குள் ஜீப்பைக் கிளப்பியிருந்தாள்.

அந்தச் சாலையில் குழிகளுக்கு நடுவே ஆங்காங்கே சாலை இருந்தது. "அண்ணன்காரன் வேணும்னே ஒண்ணோட நிறுத்தியிருக்கான்," என்றாள் போஜம்மா முதல் திருப்பத்தில். அடுத்த திருப்பத்தில், "இல்ல, குட்டப்பா பாவாதான் ரெண்டாவதைக் கேட்டும் சொல்லல," என்று பின்சீட்டுக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள். தேச்சம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மந்தண்ணா எல்லோருக்கும் நாற்காலி போட்டார். தங்கையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. குட்டப்பா வாயைத் திறந்ததுமே, "பாவா, முழுங்கின கதைய என் வீட்டுல அவிழ்க்க வேணாம். இரும்பு என்ன மலைப்பாம்பா?" என்று அடக்கினார்.

வீட்டு விளக்குக்கு மேலே தொங்கிய துப்பாக்கியை இறக்கி மேஜையில் வைத்தார்கள். பழைய வெள்ளைக்காரப் பட்டாளத்துத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, அடைப்பு வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு பின்னால், தீப்பொறி தரும் ஒரு செம்புக் கேப்பைப் பொருத்திச் சுட வேண்டும்.

பெம்மையா, கேப்பின் தலையில் அடிக்கும் குதிரையை நிமிர்த்திப் பார்த்தார். முத்திரைகளைத் துடைத்துப் பார்த்தார். "விசைப் பூட்டும் குழலும் ஒண்ணாப் பிறந்தது. நல்ல சரக்கு. கட்டைக்கு யார் பாலிஷ் போட்டது?"

"நான்தான். பளபளன்னு இருந்தா விலை கூடுமேன்னு."

"பாதி விலை அந்தப் பளபளப்புலதான் போச்சு மந்தண்ணா. பழசு வாங்கறவன் அழுக்குக்குத்தான் காசு கொடுக்கறான்." மந்தண்ணாவின் முகம் கறுத்தது. "கடைசியா எப்ப சுட்டது?"

"அப்பாவுக்குச் சுட்டதுதான். அதுக்கப்புறம் ஆயுத பூஜைக்குப் பூ வைக்கிறதோட சரி. தொட மனசு வரல."

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? பேய் மழை. உள்ள பொம்பளைங்க அழுகை. மொத வெடிக்குத் தோள்பட்டை கன்னிப் போச்சு. ரெண்டாவது கெட்டிக்கறப்ப அடைக்க வச்சிருந்த நாரெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு. அப்பா தலைத்துண்டு கையில இருந்தது. அதுல ஒரு மூலையக் கிழிச்சு அடைச்சேன். சுட்டேன். அந்த வெடிய அப்பாவே தாங்கிக்கிட்டார் மேஜர். என் தோள் அசையவே இல்ல."

போஜம்மா மூக்கைச் சிந்தினாள். பெம்மையா மந்தண்ணாவின் வலது தோளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழலுக்கு அடியிலிருந்து இடிகம்பியை உருவி, குழல் வாயில் மெதுவாக இறக்கினார். அது 'தொப்' என்று நின்றது.

"போஜி, இதென்ன சத்தம்?"

"துணிமேல விழுந்த மாதிரி."

"இரும்புல இரும்பு பட்டா கணீர்னு கேக்கணும்." குழல் வாயருகே கம்பியைக் கட்டைவிரலால் பிடித்து வெளியே எடுத்தார். பிடித்த விரலைக் குழல் வாயோடு ஒட்டி, குழலின் வெளிப்பக்கமாகக் கம்பியைக் கிடத்தினார். கம்பியின் நுனி குழலின் அடியைத் தொடவில்லை. நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது. "அந்த நாலு விரல்ல யாரோ குடியிருக்காங்க."

குட்டப்பா துள்ளினார். "சொன்னேனா இல்லையா!"

"பாம்பு முட்டை!" என்றாள் போஜம்மா. யாரும் சிரிக்கவில்லை.

பெம்மையா குழலுக்குள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டார். பையிலிருந்து, நுனியில் திருகு வைத்த கம்பி ஒன்றை எடுத்து உள்ளே விட்டுத் திருகி இழுத்தார். கறுத்துச் சுருண்ட துணி ஒன்று வந்தது. அதன் பின்னால் மையைப் போல மருந்து வழிந்தது. துணியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசி விரித்தார். நீலக் கட்டம். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு.

மந்தண்ணா குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"அப்பா துண்டு," என்றாள் தேச்சம்மா.

"ஆனா எனக்குச் சத்தம் கேட்டுச்சே!" என்று கத்தினார் மந்தண்ணா. "புகை பார்த்தேனே!"

பெம்மையா துப்பாக்கியைக் கழுவி அடுப்பருகே காயவைத்தார். காலிக் குழலில் ஒரு கேப்பை மட்டும் பொருத்தி, வாசலுக்கு வந்து விசையை இழுத்தார். 'பட்!' ஒரு சிட்டிகைப் புகை.

"இதுதானே அன்னிக்குக் கேட்டது?"

மந்தண்ணா ஆமென்று தலையாட்டினார்.

"கேப் வெடிச்சுது. மழையில நமுத்த மருந்து பிடிக்கல. பக்கத்துல நின்னவங்களுக்கு மழையிலயும் அழுகையிலயும் அதுவே வெடியாத் தெரிஞ்சுது. பள்ளத்தாக்கைத் தாண்ட அந்தச் சத்தத்துக்குக் கால் ஏது? துப்பாக்கி தோள்ல உதைக்கலைன்னா அது வெடிக்கலைன்னு அர்த்தம். அப்பா தாங்கிக்கிட்டார்னு நீங்க நினைச்சீங்க. நீங்க கெட்டிச்சது ரெண்டு, இவளுக்குக் கேட்டது ஒண்ணு. ரெண்டு பேர் சொன்னதும் சத்தியம்."

போஜம்மாகூடப் பேசவில்லை, அதை இன்றைக்கும் அந்த ஊரில் அதிசயமாகச் சொல்வார்கள்.

"அந்தப் பாயசத்தை நான் நாய்க்குக் கொட்டினேன் தேச்சு," என்றார் மந்தண்ணா கடைசியில். "உன் கண் முன்னாடியே."

"தெரியும் அண்ணா. தூக்கையும் திருப்பித் தரல நீ."

அவர் சிரிக்க முயன்றார். அது பாதியில் உடைந்தது. உள்ளே போனார். வேறு துப்பாக்கிக்காக வைத்திருந்த உலர்ந்த மருந்தோடு திரும்பினார். குழலில் மருந்தைப் போட்டார். விரித்திருந்த நீலக் கட்டத் துணியை எடுத்தார். பிறகு தங்கையின் மடியில் வைத்துவிட்டு, நாரை உருட்டி அடைத்தார். இடித்தார். கேப்பைப் பொருத்தித் துப்பாக்கியைத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"அப்பாவுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. நீ சுடு."

தேச்சம்மா வானத்தைப் பார்த்துச் சுட்டாள். மலை இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. காபித் தோட்டத்துக் கொக்குகள் கேரளா வரை பறந்திருக்கும். தேச்சம்மா தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆமா மேஜர், விலை?" என்று நினைவுபடுத்தினாள் போஜம்மா. பெம்மையா மந்தண்ணாவைக் கண்ணால் காட்டினார். அவர் துப்பாக்கியைத் துடைத்து, விளக்குக்கு மேலே பழைய ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது மந்தண்ணாவின் போன் அடித்தது. கீழ்த் தோட்டத்துக்காரர். குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஒரு வெடி கேட்டுச்சே! பையனா? வாழ்த்துகள்! உங்க வீட்டுல யாருக்குப் பிரசவம்?"

மந்தண்ணா தங்கையைப் பார்த்தார். பிறகு குட்டப்பாவைப் பார்த்தார். குட்டப்பா காலை நீட்டி, மீசையைத் தடவிக்கொண்டு, பலாப்பழத்தைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தார்.

"பிரசவம் இல்லப்பா. எங்க அப்பா செத்ததுக்குச் சுட்ட ரெண்டாவது வெடி. என்னது? இல்ல, குடிக்கல. எங்க துப்பாக்கி அதைப் பதினெட்டு வருஷமா முழுங்கி வச்சிருந்துச்சு. குட்டப்பா பாவா சொன்னப்ப நானும் நம்பல... ஆமாய்யா, நிஜம்தான். முழுங்கித்தான் இருந்துச்சு."