டிரக்கில் கிடந்த சிவப்புத் தொப்பி

வெர்லீன் ஹார்க்ரோவ் அலறி அடித்துக்கொண்டு முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தாள். வாசலில் கிடந்த சிவப்புத் துண்டில் காலைத் துடைக்கக்கூட இல்லை. ஆஷ்ஃபோர்ட் கல்லூரியின் ஆட்டுக்கடா படம் போட்ட துண்டு அது. கடைக்காரர் க்ளீவ் பரம்பரைப் பிரையர் கல்லூரிக் கட்சி. வருகிறவர்கள் எதிரியின் மூஞ்சியில் சேற்றைத் துடைத்துவிட்டு வரட்டும் என்றே போட்டுவைத்திருந்தார். மிசிசிப்பியில் அந்தப் பக்கம் இதெல்லாம் சகஜம்.

"அம்புரோஸ் அண்ணே, எம்புள்ள வாழ்க்கை பாழாப்போச்சு!"

ஷெரீஃப் அலுவலகத்தில் துப்பறிந்து ஓய்வுபெற்ற அம்புரோஸ் டில்லார்ட், முகம் நிறைய நுரையோடு கண்ணைத் திறந்தார். "உக்காரு தாயி. மெதுவா சொல்லு."

அமெரிக்கக் கால்பந்தில் அவள் மகன் லாமர் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினால் மாநிலத்தில் பிடிக்க ஆளில்லை. இன்று மதியம் பள்ளி அரங்கில் ஏதாவது ஒரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பிரையருக்குத்தான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் புத்தம்புது டிரக் நிற்கிறது. யாரோ தொலைபேசியில் சொல்லி, கல்லூரி விளையாட்டுக் கழக அதிகாரியும் கூடவே வந்து நிற்கிறார்.

"பணக்காரங்ககிட்ட இனாமா வண்டி வாங்குனவன் எந்தக் காலேஜுலயும் ஆட முடியாதாம்ணே. ஆடலேன்னா அவனுக்குப் படிப்பு ஏது? என்கூட சேர்ந்து டிட்வெல் ஃபேக்டரியில கோழி அறுக்க வேண்டியதுதான்."

ஃபேக்டரி முதலாளி ராய்ஸ் டிட்வெல்லின் பெயரைக் கேட்டதும் க்ளீவ் சவரக்கத்தியைக் கீழே வைத்தார். பிரையர் அணிக்கு ஆள் பிடிக்கும் பெரிய கை அவர். போன வருடம் அவரிடம் முடியாது என்று சொன்ன பையனின் அப்பா, ஊரில் வேலையே கிடைக்காமல் குடும்பத்தோடு வெளியேறினார்.

மூவரும் வெர்லீன் வீட்டுக்குப் போனதும் டிரக்கின் கதவை முதலில் திறந்தவர் க்ளீவ்தான். ஓட்டுநரின் காலடியில் ஆஷ்ஃபோர்டின் சிவப்புத் தொப்பி ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன் மேல் சேற்று பூட்ஸ் தடம்.

"பாத்தீங்களா! ஆஷ்ஃபோர்ட் பயலுக கொடுத்த லஞ்சம். தொப்பியே சாட்சி!" என்றார் க்ளீவ்.

"அட, பொறுய்யா. உன் பிரையர் தொப்பிய கார்ல எங்க வைப்ப?"

"முன் கண்ணாடிகிட்ட. ஊரே பாக்கணும்ல."

"காலுக்குக் கீழ?"

"செத்தாலும் போட மாட்டேன்! மிதிக்கிறதுன்னா அவனுங்க தொப்பியத்தான்..." க்ளீவ் பாதியில் நிறுத்தினார். அவர் கடை வாசல் அவருக்கே நினைவு வந்துவிட்டது.

"அதேதான். கொண்டுவந்தவன் நம்ம கட்சிக்காரன். பழியப் போட வந்த இடத்துலயும் மிதிக்காம இருக்க முடியல அவனால," என்றார் அம்புரோஸ். "சரி, பையன் பிரையருக்குப் போறதா நம்புற பிரையர்காரன் எதுக்கு அவனக் கெடுக்கணும்?"

வெர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் ஆஷ்ஃபோர்டுக்குத்தான் போறாண்ணே. எனக்குத் தெரியும். ஸ்கூல் கோச் பிக்கெட்டுக்குத் தெரியும். நீங்க எனக்கு அப்பா மாதிரின்னு நேத்து அவர்கிட்ட மட்டும்தான் சொன்னான்."

"நம்ம பிக்கெட்டா?" என்றார் க்ளீவ். வாராவாரம் அவர் கையால் முடிவெட்டிக்கொள்கிற சிநேகிதன்.

பள்ளி அரங்குக்குப் பின்னால் இருந்த பயிற்சியாளர் அறையில் அம்புரோஸ் தொப்பியை மேசைமேல் வைத்தார். "பூட்ஸக் கழட்டி இதுமேல வச்சுக் காட்டு பிக்கெட்."

பிக்கெட் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "பையன் ஆஷ்ஃபோர்டு போறான்னு நான் சொன்னதும், நமக்குக் கிடைக்காதவன் எவனுக்கும் கிடைக்கக் கூடாதுன்னாரு டிட்வெல். டிரக் சாவியும் அவர்தான் கொடுத்தாரு. என் வேலை, குடியிருக்கிற வீடு, எல்லாம் அவர் போட்ட பிச்சை க்ளீவ்."

தூ என்று துப்பத் தோன்றியது க்ளீவுக்கு. அம்புரோஸ் தொலைபேசியைத் தள்ளினார். "அதிகாரி பிரின்சிபால் ரூம்லதான் இருக்காரு. சொல்லு."

"சார், லாமர் விஷயமா ஒரு உண்மை சொல்லணும்..."

"ஒரு நிமிஷம் கோச். மிஸ்டர் டிட்வெல் இங்க என் பக்கத்துலதான் இருக்காரு. அவர்கிட்டயே சொல்லிருங்க."

அறையில் எல்லோருக்கும் கேட்டது. அடுத்து வந்த குரல் மிக மெதுவாக இருந்தது. "பிக்கெட், பொண்டாட்டி பிள்ளைங்க சௌக்கியமா?"

வெர்லீன் பிக்கெட் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி வைத்தாள்.

"அரங்குல டிவிக்காரங்க நிக்கிறாங்க. உன்ன அப்பா மாதிரின்னு சொன்னானே, அவன் மூஞ்சியப் பாத்து மைக்குல சொல்லு."

அரங்கில் டிட்வெல் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பிக்கெட் ஒருமுறை அவரைப் பார்த்தார், பிறகு லாமரைப் பார்த்தார். மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். ஒருவரும் கைதட்டவில்லை. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதிகாரிக்கு வேறு வழியில்லை, காகிதத்தை நகர்த்தினார். லாமர் பயிற்சியாளரை ஏறிட்டும் பார்க்காமல் ஆஷ்ஃபோர்டுக்குக் கையெழுத்துப் போட்டான்.

டிட்வெல் எழுந்து வாசலுக்கு வந்தார். அங்கே வெர்லீன் நின்றிருந்தாள்.

"திங்கக்கிழமையிலருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"வர்றதா இல்ல."

அவள் வழிவிடவில்லை. டிட்வெல்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.