ஆறு மணி அழுகை

மாலை ஆறு மணிக்கு ஷோரூமின் கண்ணாடிக் கதவு மூடியதும், கார் விற்பனையாளர்கள் பதினான்கு பேரும் பின்கட்டு அறைக்குப் போய் வரிசையாக உட்கார்ந்து அழுதார்கள். பத்து நிமிடம். நிர்வாகம் அதற்கென்று நாற்காலிகளும், ஆளுக்கொரு துண்டும், குழாயில் குளிர்ந்த தண்ணீரும் ஏற்பாடு செய்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வாய்விட்டு அழுவார்கள். பழையவர்கள் கைப்பேசியில் செய்தி படித்துக்கொண்டே கண்ணீர் விடுவார்கள். ஆறு பத்துக்கு எல்லோரும் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, வீட்டுக்குப் பூ வாங்கிப் போனார்கள்.

தெய்வசிகாமணி பழையவர்களில் ஒருவன். பதினோரு வருட அனுபவம்.

அந்தக் காலத்தில் யாருக்கும் சொந்தமாகக் கார் தேவைப்படவில்லை. வாசலில் நின்று கையை நீட்டினால் நகராட்சியின் ஆளில்லா வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆனாலும் செங்கல்பட்டைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகள் கார்களைச் செய்து தள்ளிக்கொண்டே இருந்தன. அவற்றை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். அந்த வேலைக்கு முதல் இடைஞ்சல் மனிதனின் இரக்கம். விற்பனையாளர்கள் பலர் தூக்கம் கெட்டு, உடம்பு கெட்டு, இரண்டு பேர் தங்களையே மாய்த்துக்கொண்ட பிறகு, தொழிற்சங்கமே நிர்வாகத்தோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்ததுதான் இரக்கத்தணிப்பான்.

புளியங்கொட்டை அளவுக் கருவி. காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். காலை ஒன்பதுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வரும். 'கிணிங்' என்று ஒரு சத்தம். மூளையில் இரக்கம் சுரக்கும் இடம் மரத்துப் போகும். மாலை ஆறுக்கு இன்னொரு 'கிணிங்'. மரத்தது தெளியும். அன்றைக்குச் செய்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு நெஞ்சில் ஏறும். அழுது தீர்த்துவிட்டால், வீட்டுக்குப் போகும்போது அவன் மனிதன்.

சிகாமணியின் மனைவி பூங்கோதைக்கு அவனைப் பற்றி ஒரு குறையும் இல்லை. தெருநாய்க்குச் சோறு வைக்கிறவன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய முழித்திருக்கிறவன்.

பொங்கல் விடுமுறைக்கு ஷோரூம் மூடியிருந்த நான்கு நாளில் அங்கே ஒரு படம் எடுக்க அனுமதி கேட்டு ரெஜினா வந்தாள். முப்பது வயது இயக்குநர். கையில் இருந்தது ஒரு பறக்கும் கேமரா, இரண்டு விளக்கு, கடன் வாங்கிய ஒலிக்கருவி. ஈவிரக்கமில்லாத கார் விற்பனையாளர்களைப் பற்றிய படம். "ஜனங்க சிரிக்கணும் சார். சிரிச்சிட்டு வீட்டுக்குப் போய் சாப்பாடு எறங்கக் கூடாது" என்றாள். மேலாளர் சூசைக்கு அது செலவில்லாத விளம்பரமாகப் பட்டது. நடிகர்களை அமர்த்த அவளுக்கு வசதியில்லை. அதனால் விற்பனையாளர்களே விற்பனையாளர்களாக நடித்தார்கள். வாடிக்கையாளர்களே வாடிக்கையாளர்களாக வந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ரெஜினா அழைத்து வந்த அம்மாளைப் பார்த்ததும் சிகாமணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

திலகவதி. ஆறு வருடத்துக்கு முன்னால், பதிவு செய்த காரை வேண்டாமென்று சொல்ல வந்தவள். முந்தின நாள்தான் அவள் கணவர் இறந்திருந்தார். அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகத்தான் அந்தக் கார், இனி எதற்கு? சிகாமணி அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முக்கால் மணி நேரம் பேசினான். அவள் அந்தக் காரை ரத்து செய்துவிட்டு, அதைவிடப் பெரிய ஏழு பேர் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். காரியத்துக்கு உறவெல்லாம் வரும், ஏற்றிப் போக வண்டி வேண்டும் என்று அவளை நம்ப வைத்திருந்தான். உறவென்று அவளுக்கு யாருமே இல்லை. காரியத்துக்கு ஐயரும் அவளும்தான் இருந்தார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு சிகாமணி வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக அழுதான்.

"நல்லா இருக்கியா தம்பி?" என்று திலகவதியே முதலில் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்குத் தலையக் குனியற? உம்மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. அன்னிக்குப் பேசினது நீயா? அந்த மிஷினு. நீ என்ன பண்ணுவ, பாவம்."

அவள் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

எடுக்க வேண்டிய காட்சி அதுவேதான். அதே மேசை, அதே நாற்காலி. ஆனால் சிகாமணிக்கு வரவில்லை. வசனத்தை ஒப்பித்தான், குரல் கம்மியது. நான்கு தடவை எடுத்தும் சரிவராமல் ரெஜினா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கல்லு மாதிரி இருக்கணும் சார். நீங்க அழற மாதிரி இருக்கீங்க."

"லீவு நாள்ம்மா. தணிப்பானுக்கு உத்தரவு வரல. அது இல்லாம என்னால முடியாது."

ரெஜினா யோசித்து, உத்தரவு இல்லாமலே தணிப்பானை ஓட வைக்க, உடற்கருவி பழுது பார்க்கும் அபுபக்கரை வரவழைத்தாள். அவன் சிகாமணியைப் பின்கட்டு அறைக்கு அழைத்துப் போய், காதோரத்திலிருந்து கருவியை நெம்பி எடுத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திறந்தான். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எப்ப மாட்டினதுண்ணே?"

"வேலைக்குச் சேர்ந்தப்போ. பதினோரு வருஷம்."

"நடுவுல யாராச்சும் கழட்டினாங்களா?"

"இல்லையே. ஏன், கெட்டுப் போச்சா?"

அபுபக்கர் பூதக்கண்ணாடியைக் கழற்றினான். "கெட்டுப் போக இதுல ஒண்ணும் இல்லண்ணே. நரம்புச் சுருள் இருக்க வேண்டிய எடம் காலியா இருக்கு. ஒரு மணி, அது அடிக்க ஒரு பேட்டரி. அவ்வளவுதான். போடவே இல்ல."

"நல்லாப் பாருப்பா."

"பாத்துட்டேன். நேத்து நடிக்க வந்த ரெண்டு பேரோடதும் இறுக்கமா இருக்குன்னு தொறந்து குடுத்தேன். அதுலயும் இதேதான். நான் ஏதோ பழசுன்னு நெனச்சேன்."

அவன் கருவியைத் திரும்ப ஒட்டிவிட்டுப் போன பிறகு சிகாமணி அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். பதினோரு வருடமாக அழுத நாற்காலி. இப்போது ஒரு சொட்டு வரவில்லை. திலகவதி அன்றைக்குச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான், இவளுக்குக் கேட்க ஆள் இல்லை என்று கணக்குப் போட்டான். அவள் கையெழுத்துப் போட்டதும் மதியச் சாப்பாடு ருசித்ததும் நினைவிருந்தது. ருசித்தது அவன் நாக்கில்தான்.

"சரி பண்ணியாச்சா சார்?" என்றாள் ரெஜினா.

"ஆச்சும்மா."

கேமரா மேலே எழும்பியது. திலகவதி எதிரே உட்கார்ந்து, "தம்பி, எனக்கு வண்டி வேணாம்" என்றாள்.

சிகாமணி பேசினான். இந்தத் தடவை தட்டுத் தடங்கல் இல்லை. "ஐயா போயிட்டாருன்னு நீங்க சொல்றீங்க. ஊரு என்னம்மா சொல்லும்? அவரு இருந்தவரைக்கும் வண்டி வேணும்னு வந்தாங்க, போனதும் வேணாம்ட்டாங்கன்னு சொல்லும்." எழுதிக் கொடுத்ததில் இல்லாத வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "அவரு கடைசியா ஆசைப்பட்ட வண்டிம்மா இது. வேணாம்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?" ரெஜினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திலகவதியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் முட்டியது. அவள் விரல் சேலைத் தலைப்பைச் சுற்றத் தொடங்கியது. அவனுக்கு உள்ளே எங்கோ இனித்தது. அந்த இனிப்பை அவன் அடையாளம் கண்டுகொண்டான்.

பேச்சை நிறுத்திவிட்டுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அம்மா, இதுக்குள்ள ஒண்ணும் இல்ல. என்னிக்குமே இருந்ததில்ல. அன்னிக்குப் பேசினது நான்தான். இப்பப் பேசினதும் நான்தான்."

திலகவதி கருவியைப் பார்த்தாள். பிறகு அவனை. அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து அவன் முகத்தை நீட்டியபடியே இருந்தான்.

"இத எதுக்குப்பா எங்கிட்ட சொன்ன?" என்றாள் மெதுவாக. "ஆறு வருஷமா நிம்மதியா இருந்தேன். ஒரு மனுசன் எங்கிட்ட அப்படிப் பேசினான்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போய், கதவைத் தள்ளத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போனாள்.

ரெஜினா அதை வெட்டவில்லை. படம் சித்திரையில் வெளியானது. திரையரங்கில் சிகாமணி பூங்கோதையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் கருவியைக் கழற்றி வைத்த இடத்தில்தான் கூட்டம் அதிகமாகச் சிரித்தது. என்னமா நடிக்கிறான் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற நகராட்சி வண்டியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ வீட்டுல இருக்கிறது யாரு?"

"நான்தான்."

"அங்கே பேசினது?"

வண்டி நின்றதும் அவள் முதலில் இறங்கிப் போனாள். அன்றிலிருந்து அவள் அவனோடு அளந்துதான் பேசினாள்.

மறுநாள் சிகாமணி ராஜினாமாக் கடிதத்தோடு சூசையின் அறைக்குப் போனான். சூசை அதை வாங்கக்கூட இல்லை.

"உக்காரு. படம் பாத்துட்டு ஆயிரக்கணக்குல எழுதியிருக்காங்க. ஒருத்தன்கூட வண்டி கேக்கல. எல்லாரும் தணிப்பானைக் கேக்கறாங்க. கார் மேசையெல்லாம் எடுத்துட்டு அதையே விக்கலாம்னு மேலிடம் சொல்லிடுச்சு. உன் மொகம்தான் ஊருக்கே தெரியும். நீ நின்னாப் போதும்."

"அதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லித்தான் விப்பேன்."

"தாராளமா சொல்லு" என்றார் சூசை.

சரி, இனி ஒரு பொய்கூடச் சொல்லாமல் பிழைக்கலாம் என்று சிகாமணி நினைத்தான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

வந்தவர்கள் யாரும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் உட்காருகிற பெண், படுக்கை இல்லையென்று சொல்லி அனுப்புகிற வேலை அவளுடையது, தனக்கும் தோழிகளுக்கும் வாங்கிப் போனாள். பள்ளிக்கூடத் தாளாளர் ஒருவர் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சிகாமணி ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னான். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவசரமாக உள்ளே வந்தார். பார்க்கப் பண்பானவராகத் தெரிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு போதும் சார். இன்னிக்கு மட்டும்தான் வேணும். அம்மாவை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விடணும்."

வெளியே நின்ற வண்டியில் ஒரு வயதான அம்மாள் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதுல ஒண்ணும் இல்ல" என்றான் சிகாமணி. "வெறும் மணி. உங்க மனசை இது ஒண்ணும் பண்ணாது."

"தெரியும் சார், நானும் படம் பார்த்தேன்." அவர் கருவியை வாங்கிக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். "சத்தம் வருமில்ல?"

சிகாமணி மேசையிலிருந்த மணிப் பொத்தானை அழுத்தினான்.

'கிணிங்.'

அவர் கண்ணை மூடிக் கேட்டார். தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"கொஞ்சம் கூட்டி வைங்க சார்" என்றார். "அம்மாவுக்கும் கேக்கணும்."