லேலண்டின் விமானம் போன திசை

இமோஜின் உள்ளே வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஹால்வரின் சமையலறை மேசைக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

"லேலண்டோட விமானம் கிடைச்சிருச்சு. வடக்கு மலை முகட்டுல. மரம் வெட்டப் போனவங்க பாத்திருக்காங்க. அவரும் உள்ளேதான் இருக்காராம்."

ஹால்வர் நாற்காலியை இழுத்துப் போட்டார். துணை ஷெரிப் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாளாகியும் ஊரில் யாருக்குப் பிரச்சினை என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த டெல்பர்ட் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் முடிதிருத்துபவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்த் தொண்டர் விமானப் பிரிவில் விமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துத் தேடுபவன்.

"என்னை விட்டுட்டுப் போய்க்கிட்டிருந்தாரா, என்கிட்டே வந்துக்கிட்டிருந்தாரா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்றாள் லேலண்டின் மனைவி இமோஜின்.

போர்க்காலத்தில் விவசாயிகளும் கடைக்காரர்களும் ஒரு பல் வைத்தியரும் சேர்ந்து தொடங்கியது அந்த விமானப் பிரிவு. முதலில் காட்டுத்தீ வருகிறதா என்று மலைகளைச் சுற்றிக் காவல் பறந்தார்கள். போர் முடிந்ததும் காணாமல் போனவர்களைத் தேடினார்கள். அதன் வரலாற்றை ஆண்டு விழாவுக்காக டெல்பர்ட்தான் எழுதிக்கொண்டிருந்தான். அதில் ஊர் மிகவும் பெருமைப்படும் பக்கம் ஒன்பது வருடங்களுக்கு முந்தைய நவம்பர் மாதத்தைப் பற்றியது. பிரிவின் தலைவர் மேஜர் ஆர்வில். அவருடைய மகன் வெஸ்லி மான் வேட்டைக்குப் போய்ப் பனியில் தொலைந்தான். மூன்று நாள் தேடினார்கள். வானம் கெட்டுக்கொண்டு வந்தபோது, "என் பையனுக்காக இன்னொருத்தன் பையன் சாகக் கூடாது" என்று சொல்லி ஆர்வில் தானே தேடலை நிறுத்தினார். அதைக் கேட்டு ஊரே அழுதது. மறுநாள் காலை பிரிவின் விமானி லேலண்ட் யாரிடமும் சொல்லாமல் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு வடக்கே போனவன் வரவே இல்லை. கனடாவில் அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். முந்தின வாரம் மனைவியோடு பெரிய சண்டையும் நடந்திருந்தது. ஓடிப்போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. விமானக் கொட்டகைச் சுவரிலிருந்து அவன் படம் இறங்கியது. டெல்பர்ட்டின் வரலாற்றிலும் அவனுக்கு இடமில்லை.

அன்று மதியமே ஹால்வரும் டெல்பர்ட்டும் மலையேறினார்கள். விமானம் மரங்களுக்கிடையில் நசுங்கிக் கிடந்தது. மூக்கு தெற்கே, ஊர்ப் பக்கம் பார்த்திருந்தது.

"பாருங்க, திரும்பி வந்துக்கிட்டுதான் இருந்திருக்கான்" என்றான் டெல்பர்ட் பரபரப்பாக.

"விழுந்த வேகத்துல மரம் எந்தப் பக்கம் வேணாலும் திருப்பிவிட்டிருக்கும். அதை நம்பி அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." ஹால்வர் குனிந்து உள்ளே பார்த்தார். "சீட்டுக்குப் பின்னால உங்க ஆளுங்க என்ன வெப்பாங்க?"

"கம்பளியும் தீப்பெட்டியும் டின் சாப்பாடும் ஒரு மூட்டையா கட்டி வெச்சிருப்போம். ஆளைப் பாத்தா மேலேயிருந்து போடறதுக்கு."

மூட்டை இல்லை. சுற்றுப்புறத்திலும் ஒரு துணுக்குக்கூட இல்லை. ஆனால் வலப்பக்கத்து ஜன்னல் மேலே தூக்கப்பட்டு, இறக்கையின் அடியில் கொக்கியில் மாட்டியிருந்தது. ஹால்வர் அந்தக் கொக்கியை நெடுநேரம் பார்த்தார்.

இறங்கி வந்து ஆர்விலிடம் விமானம் கிடைத்த செய்தியை மட்டும் சொன்னார்கள். அவர் கொட்டகை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "பாவம்" என்றார். "திரும்பி வர்றப்போ மேகம் மூடியிருக்கும்." அதற்குமேல் எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, இமோஜினையும் டெல்பர்ட்டையும் கூட்டிக்கொண்டு ஹால்வர் ஆர்விலின் வீட்டுக்குப் போனார். ஆர்விலின் மனைவி நெட்டி ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை.

"மேஜர், லேலண்ட் ஓடிப்போகலே. வெஸ்லியைத் தேடித்தான் போனான்" என்றார் ஹால்வர்.

"இருக்கலாம்" என்றார் ஆர்வில்.

"தேடினது மட்டுமில்லே, பாத்துட்டான். அந்தக் குளிர்ல யாரும் ஜன்னலைத் திறந்து கொக்கி மாட்டிக்கிட்டுப் பறக்க மாட்டாங்க, எதையாவது கீழே போடறதுக்கு இல்லேன்னா. மூட்டையையும் காணோம். ஆளைப் பாக்காம மூட்டையைப் போட மாட்டீங்கன்னு டெல்பர்ட்தான் சொன்னான்."

நெட்டியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தவன் ரேடியோவுல சொல்லியிருப்பான். அன்னிக்குக் கொட்டகையில யாரு இருந்தது? எல்லாரையும் நீங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. ரேடியோகிட்ட நீங்க மட்டும்தான். கனடாவுக்கு ஓடிட்டான்னு ஊர்ல முதல்ல சொன்னதும் நீங்கதான். அப்படின்னா முந்தாநாள் 'திரும்பி வர்றப்போ'ன்னு எப்படிச் சொன்னீங்க? ஓடிப்போறவன் எங்கே திரும்பி வரப்போறான்?"

அந்தச் சொல்லை டெல்பர்ட்டும்தான் கேட்டிருந்தான்.

"இன்னொண்ணும் இருக்கு. எல்லாரும் கிழக்குப் பள்ளத்தாக்குலதான் தேடினாங்க. மே மாசம் பனி இளகினதும் நீங்க தனியா நேரே வடக்கே மார்ட்டன் பள்ளத்துக்குப் போயி, மதியத்துக்குள்ள பையனைக் கம்பளியில சுத்தி எடுத்துட்டு வந்தீங்க. எங்கே இருக்கான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது."

ஆர்வில் மறுக்கவில்லை. பேச ஆரம்பித்தபோது அவர் குரல் கிழவனுடையதாக இருந்தது.

"லேலண்ட் ரேடியோவுல பேசி முடிக்கறதுக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் அவன் சத்தமே இல்லே. ரெண்டு தடவை நடந்து கிளம்பினேன். இடுப்பு வரைக்கும் பனி, ஓடையைத் தாண்ட முடியலே. வானம் தெளிஞ்ச அன்னிக்கு நானே பறந்து போய்ப் பாத்தேன். வெள்ளையா இருந்தது. அவ்வளவுதான்." அவர் நெட்டியைப் பார்க்கவில்லை. "முதல் ராத்திரியே பையன் தூக்கத்துல போயிருப்பான்னு இவகிட்ட சொல்லியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் இவ எழுந்து நடமாடினா. அவன் அத்தனை நாள் உயிரோட காத்துக்கிட்டிருந்தான்னு எப்படிய்யா சொல்லுவேன்?"

"அதுக்கு என் புருஷனை ஓடுகாலி ஆக்கினீங்களா?" இமோஜின் கத்தவில்லை. "ஒன்பது வருஷமா தினமும் அவரைத் திட்டிக்கிட்டுத்தான் படுத்தேன். பொண்ணு கல்யாணத்துல அவர் பேரைக்கூடச் சொல்ல விடலே நான்."

"அந்தக் கம்பளியை, பையனைக் கொண்டு வந்த அன்னிக்குக் காலையில நீ எடுத்துட்டுப் போனதா சொன்னே" என்றாள் நெட்டி. எல்லோரும் திரும்பினார்கள். "நான்தான் அதைத் துவைச்சேன், ஆர்வில். பைன் இலை நூலுக்குள்ள இறங்கிக் கறுத்துப் போயிருந்தது. ஒரு நாள்ல அப்படி ஆகாது, மாசக்கணக்குல வெளியே கிடந்திருக்கணும். நான் கேக்கலே. கேட்டா சொல்லிடுவியோன்னு பயமா இருந்தது."

அவள் இமோஜினின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "லேலண்ட் என்ன சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையையே சொல்லு" என்றாள்.

"நெட்டி, வேண்டாம்."

"சொல்லு."

ஆர்வில் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'உன் பையன்தான், ஆர்வில். கம்பளியைப் போத்திக்கிட்டான். கை ஆட்டுறான்'னு சொன்னான்."

நெட்டி அழவில்லை. இமோஜினின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, முதல்முறையாகப் பார்ப்பவளைப்போலக் கணவனைப் பார்த்தாள்.

"கை ஆட்டினானா" என்றாள். "அதை ஒன்பது வருஷமா நீ மட்டும் வெச்சுக்கிட்டிருந்தியே."