இன்னும் இடம் இருக்கு

இணைப்புக் குழாயை மூடிய பிறகும் உப்புநீர் ஏறிக்கொண்டிருந்தது.

கீவான் குனிந்து பார்த்தான். அளவுக் குழாயில் அசிட்டிலீன் வாயு, பக்கத்துக் குடுவையில் அசிட்டோன். வாயு அசிட்டோனில் கரையக் கரைய, அது விட்ட இடத்துக்கு உப்புநீர் ஏறும். இப்போது இரண்டுக்கும் நடுவே வழியே இல்லை. பிறகு வாயு எங்கேதான் போய்த் தொலைகிறது?

மதியத்திலேயே அஹ்வாஸ் நகரம் புழுதிக்குள் மூழ்கி, சன்னல் இடுக்கெல்லாம் சீறி, விளக்கு வெளிச்சம்கூட மண் நிறமாகி, ஆய்வுக்கூடம் முழுக்கப் பூண்டு நாற்றம் கனத்துக் கிடந்தது. அசிட்டிலீன் நாற்றம்தான். கசிகிறதா என்று சோப்பு நீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட இல்லை.

கூட வேலை செய்யும் தாவூத் முன்பே கிளம்பிவிட்டான். "வீட்டுக்குப் போங்க இன்ஜினியரே! செத்தவன் மேல பழி போட என்ன அவசரம்? அத்னான் எங்கயும் போயிட மாட்டான்."

தாவூத் ஏன் சொல்ல மாட்டான்? நாளை விசாரணையில் நிற்கப்போவது அவனா? சிலிண்டருக்குள் வாயுவைக் கரைத்து வைக்க வந்த, தண்ணீர் கலந்த மட்ட அசிட்டோனைப் பார்த்து, இது நிறைய வாயுவைத் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டவன் கீவான். அதை நம்பி சிலிண்டரை நிரப்பிய அத்னான், அது வெடித்துச் செத்தான். அவன்தான் அளவு மீறி அடைத்தான் என்று கீவான் கூசாமல் சொன்னான். இன்று நல்ல அசிட்டோனை மாற்றி வைத்து, அந்தப் பொய்க் கணக்கை உண்மையாக்கிவிட்டால் போதும், சிறைக்குத் தப்பிவிடலாம்.

உப்புநீர் இன்னும் ஏறியது. காது அடைத்தது. இடுப்பு வார் வயிற்றை அறுத்தது. அவிழ்த்துவிட்டான். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது.

மூச்சை விட்டான். பூண்டு நாற்றம். அவன் வாயிலிருந்தே வந்தது.

அப்போதுதான் புரிந்தது. வாயுவைக் குடிப்பது குடுவை இல்லை.

கத்த வாயைத் திறந்தான். சீறல் மட்டும் வந்தது. விரல்கள் மடங்கவில்லை. தோல் விம்மியது.

முதுகில் யாரோ தட்டினார்கள். டொக். நிரப்புகிறவர்கள் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே தட்டு. அவன் உடம்பு இரும்பாக ஒலித்தது.

"இன்னும் இடம் இருக்கு, இன்ஜினியரே," அத்னானின் குரல் பொறுமையாகச் சொன்னது. "இவ்வளவு தாங்கும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

பின்னால் வாயுவைத் திறந்துவிடும் சாவி இன்னொரு சுற்றுத் திரும்பியது.