இருப்பிடம் கிடைக்கவில்லை

அக்கா என் பட்டறைக்கு வந்தபோது காலை பதினோரு மணி. அங்கே வேறு வண்டி எதுவும் இல்லை. அத்தானின் காரை அவளே ஓட்டிக்கொண்டு வந்து, தகரக் கூரைக்கு வெளியே வெயிலில் நிறுத்தினாள். அத்தான் போய் ஏழு மாதம் ஆகிறது. இனி இந்தக் காரில் ஏறவே மாட்டேன் என்று சொன்னவள் அவள்.

"நேவிகேஷன்ல சிக்னலே இல்லைடா. சாட்டிலைட் ஒண்ணுகூடக் காட்ட மாட்டேங்குது. என்னன்னு பாரு."

"இப்ப எதுக்குக்கா அது? போன்லயே வழி பாத்துக்கலாமே."

"வழி பாக்கவா வந்தேன்? அன்னைக்கு ஏன் சிக்னல் போச்சுன்னு எனக்குத் தெரியணும். கம்பெனிக்காரன் எதையோ சொல்லி மழுப்புறான். நீ பாத்துச் சொன்னா நம்புவேன்."

அதைச் சொன்னதற்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அத்தான் பக்கவாதம் வந்து காருக்குள்ளேயே செத்துப்போனார். மூடிக் கிடந்த கல்குவாரிக்குப் போகும் மண் ரோட்டில். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசைந்தது. அந்தக் கையால் கண்ணாடிக்கு மேலே இருக்கும் சிவப்பு அவசர பட்டனை அழுத்தியிருக்கிறார். அழுத்தினால் உதவி மையத்துக்கு அழைப்பு போகும், கார் நிற்கும் இடமும் கூடவே போகும். அழைப்பு போனது, இடம் போகவில்லை. மையத்தில் இருந்த பெண் "சார், எங்கே இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூச்சுச் சத்தம்தான் பதில். மறுநாள் சாயங்காலம் நிலம் அளக்க வந்தவர்கள் பார்த்தார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். மையத்தார் கொடுத்த ஒலிப்பதிவை அக்கா முழுசாகக் கேட்டாள். நான் கேட்கவில்லை.

ஏன் இடம் போகவில்லை என்று எனக்குத் தெரியும். சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனாவின் பிளக்கைக் கழற்றியவனே நான்தான்.

அத்தானுக்கு வேலை போயிருந்தது. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, எங்கோ காரை நிறுத்தி, போனையும் அணைத்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். "கார் எங்க நிக்குதுன்னு உங்கக்கா போன்ல பாத்துக்கிட்டே இருக்கா மாப்ள. சிக்னல் போச்சுன்னா கம்பெனிக் கோளாறுன்னு சொல்லிக்கறேன். ஒரு மாசம்தான். வேற வேலை கிடைச்சதும் நானே சொல்லிடறேன்" என்று கெஞ்சினார். நானும் பெரிய மனுஷனாட்டம் சிரித்துக்கொண்டே நேவிகேஷன் திரையைக் கழற்றி, பின்னால் இருந்த பிளக்கை உருவி, டேப் சுற்றிவிட்டேன். பத்து நிமிட வேலை. அவசர பட்டனும் அதே ஆன்டெனாவை நம்பித்தான் இருக்கிறது. இருபது வருஷமாகக் காருக்கு ஒயரிங் பார்க்கிறேன், அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கார் கதவைத் திறந்தேன். மூடி வைத்துக் கெட்டுப்போன சோற்றின் நாற்றம். ஏழு மாதத்தில் எத்தனை முறை கழுவியிருப்பாள்! அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஸ்டூல் போடுகிறேன் என்று நான் சொல்லியும் நகரவில்லை.

என் கணக்கு எளிது. பிளக்கைத் திரும்ப மாட்டுவது, எலி ஒயரைக் கடித்துவிட்டது என்று சொல்வது. அவள் எலியைத் திட்டிவிட்டுத் தூங்கட்டும்.

திரையைக் கழற்றினேன். நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. அவள் பார்ப்பதற்குள் உரித்து பிளக்கை அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது.

சாட்டிலைட் பூஜ்யம்.

ஆன்டெனாவுக்குப் போகும் வோல்டேஜை மீட்டரில் பார்த்தேன், சரியாக ஐந்து. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா சிக்னலைக் கெடுக்கிறதோ என்று அதைப் பிடுங்கினேன். என்னிடம் இருந்த புது ஆன்டெனாவைக் கூரை மேல் வைத்து நேராகத் திரைக்கே கொடுத்தேன். மேலே ஒரு மேகம்கூட இல்லை.

பூஜ்யம். 'இருப்பிடம் கிடைக்கவில்லை.'

"என்னடா ஆச்சு?"

"எலிதான்க்கா. உள்ளே ஒயரைக் கடிச்சிருக்கு."

சொல்லி வாயை மூடவில்லை, அவசர பட்டனில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் தொடவில்லை. அக்காவின் கை மடியில் இருந்தது. அந்தச் சேவையையே அவள் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் கொரகொரவென்று ஒரு மூச்சு.

இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

"அவர்தான்டா," என்று அக்கா கிசுகிசுத்தாள். "ரெக்கார்டிங்ல இப்படித்தான்... என்னங்க? எங்க இருக்கீங்க?"

"ஸ்பீக்கர் இரைச்சல்க்கா அது."

மூச்சு நின்றது. நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்பதற்காக அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு வேகமாக வர ஆரம்பித்தது. பட்டனுக்குப் போகும் ஃப்யூஸைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. ஓடிப்போய் பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினேன். திரை அணைந்தது.

சிவப்பு விளக்கு அணையவில்லை.

மூச்சு இப்போது ஸ்பீக்கரில் இல்லை. என் பிடரிக்குப் பின்னால் இருந்தது. வேகாத வெயிலில் எனக்குப் பல் கிட்டியது.

"நான்தான்க்கா கழட்டினேன்!" என்று கத்தினேன். "வேலை போனது உனக்குத் தெரியக்கூடாதுன்னு அவர் கேட்டார். பிளக்கை நான்தான் உருவி விட்டேன். எலி எல்லாம் பொய்க்கா!"

விளக்கு அணைந்தது.

பேட்டரியை மாட்டி, பானெட்டைச் சாத்தினேன். திரை உயிர் பெற்றது. ஒன்று, நான்கு, ஒன்பது என்று சாட்டிலைட் வந்து நிறைந்தது. அம்புக்குறி என் பட்டறை வாசலில் நின்றது.

அக்கா அழவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"காதுல மாட்டிக்கிட்டு அந்த ரெக்கார்டிங்கை நான் கேட்டப்ப, பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தது நீதானே?"

என் ஸ்க்ரூடிரைவர், மீட்டர், டேப், கூரை மேல் வைத்த ஆன்டெனா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே மண்ணில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

என் பழைய வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காலில் விழுந்தாவது நிறுத்திவிட வேண்டும் என்றுதான். திருப்பத்தில் கார் கண்ணில் இருந்து மறைந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. இந்த வேனில் திரை கிடையாது, அவசர பட்டன் கிடையாது, ஒரு ரேடியோகூடக் கிடையாது.

பக்கத்து இருக்கையில் மூச்சு இழுத்தது.

"அதான் சொல்லிட்டேனே அத்தான்! இன்னும் என்னதான் வேணும்?"

நின்றது. மறுபடி இழுத்தது.

வேனை ஓரங்கட்டி, சாவியைக்கூட எடுக்காமல் குதித்து, ஆட்கள் நடமாடும் கடைத்தெருப் பக்கமாக வேகமாக நடந்தேன்.

மூச்சும் இறங்கி என் கூடவே நடந்து வந்தது.