சந்தனம் பூசிய லேப்டாப்

சண்முகப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை இரண்டு காதும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

"யாருடா பண்ணுனது இத?"

ஏழாம் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கையில் பள்ளிக்கூட லேப்டாப் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு மாதிரி மெலிசு, கனமும் கிடையாது. மூடியின் மேல் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சார்ஜர் செருகும் ஓட்டைக்குள்ளும் சந்தனம் புகுந்து இறுகிக் கிடந்தது. விடுமுறையில் சார்ஜ் எல்லாம் இறங்கிவிட்டது. இப்போது சார்ஜரும் உள்ளே போகவில்லை.

அசோக் மெதுவாக எழுந்தான். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பு வகுப்பில் பூஜை போட்டபோது லேப்டாப்புகளுக்குப் பொட்டு வைத்தவன் அவன்தான்.

"நான்தான் வெச்சேன்."

"மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டு. எனக்கு மட்டும் எதுக்குடா சட்டி சந்தனத்தையும் அப்புன?"

"நீதான போட்டிக்கு எழுதுற? நல்லா வரட்டும்னு..."

"கிழிஞ்சுது! என் கட்டுரை அதுக்குள்ளதாண்டா இருக்கு!"

பெரம்பலூரில் நடக்கும் கட்டுரைப் போட்டிக்கு மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். 'கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஓடாதீர்கள்' என்பது தலைப்பு. எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரில் கரும்பு உருவப் போய் முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள் எழுதியது. ஒவ்வொரு வரியும் பட்டுத் தெரிந்துகொண்டது.

கம்ப்யூட்டர் டீச்சர் அன்று லீவு. வகுப்பைப் பார்த்துக்கொண்டது தமிழ் ஐயா அறிவுச்செல்வன். லேப்டாப்பைப் பார்த்ததும் அவருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அசோக், வெளிய போய் நில்லுடா!"

அசோக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். பின்வரிசையில் யாரோ, "சந்தன சாமியார் போறாருடோய்!" என்றார்கள். வகுப்பே சிரித்தது. 'நல்லா வேணும்' என்று பிரியாவும் நினைத்தாள்.

"நினைவு இருக்கிற வரைக்கும் திரும்ப எழுதும்மா" என்றார் ஐயா.

வேறு வழியில்லை. பக்கத்தில் இருந்த கீதாஞ்சலி தன் லேப்டாப்பைக் கொடுத்தாள். பிரியா தன் பெயரையும் பாஸ்வேர்டையும் படபடவென்று அடித்தாள். இத்தனை நாளும் ஒரே லேப்டாப்பில் எழுதியவள் அவள். இன்னொன்றைத் தொட்டதே இல்லை.

திரை விரிந்தது. அங்கே அவளுடைய கட்டுரை இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும்.

"ஏய், இது எப்புடி இங்க வந்துச்சு?"

"டீச்சர் சொன்னாங்கல்ல" என்றாள் கீதாஞ்சலி. "நாம எழுதுறது இந்தப் பொட்டிக்குள்ள இருக்காதாம். இன்டர்நெட்டுல நம்ம பேர்ல இருக்குமாம். எதுல தொறந்தாலும் வரும்னாங்க. நீ அன்னிக்கு ஜன்னல் பக்கம் டிராக்டர் எண்ணிக்கிட்டு இருந்த."

பிரியாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள். அப்போது வாசல் கண்ணில் பட்டது. அசோக் வெயிலில் நின்று புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

காது மறுபடியும் சிவந்தது. இந்த முறை கோபம் அசோக் மேல் இல்லை. சிரித்தவர்கள் மேல் வந்தது. ஐயா மேலும் வந்தது. எல்லாரையும்விடத் தன் மேல்தான் அதிகம் வந்தது.

சடாரென்று எழுந்தாள்.

"ஐயா, கட்டுரை பத்திரமா இருக்கு. அசோக்க உள்ள கூப்புடுங்க."

"இருக்கட்டும்மா. லேப்டாப்பப் பாழாக்கிட்டானே?"

"பொட்டு வைக்கச் சொன்னது நாமதானங்கய்யா? ஓட்டையில படக் கூடாதுன்னு யாருமே சொல்லலியே! நல்லதுக்குன்னு செஞ்சவன வெயில்ல நிக்க வெச்சுட்டு நாம சிரிக்கிறோம்."

"முதல்ல நீ அனுப்பு. நேரமாகுது."

"அவன் உள்ள வந்தாத்தான் அனுப்புவேன்."

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், அவள் காதைப் பார்த்தார்.

"அடேயப்பா! உள்ள வாடா அசோக்கு. நான் அவசரப்பட்டுட்டேன்."

அசோக் உள்ளே வந்து உட்காரும் வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினாள் பிரியா. கட்டுரை பெரம்பலூருக்குப் போய்விட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஒரு காய்ந்த பெயின்ட் பிரஷை அசோக்கிடம் நீட்டினாள். "தண்ணி படாம மெதுவா எடு."

அவன் ஓட்டையைத் துளித்துளியாகச் சுத்தம் செய்தான். சார்ஜரைச் செருகியதும் குட்டி விளக்கு எரிந்தது.

"கோவம் போயிருச்சா பிரியா?"

"இன்னும் இல்ல. என்னைக் கேக்காம இனிமே எதையும் அப்பாத."

அசோக் அவசரமாக ஒரு துணியால் மூடியைத் துடைக்க ஆரம்பித்தான். சந்தனப் பட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. துணி, நடுவிலிருந்த குங்குமத்துக்கு வந்தபோது பிரியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்டா."